நான் சொன்ன ‘அட்ஜஸ்ட்’

அட்ஜஸ்ட்ங்கற வார்த்தையை எனக்கு ஒழுங்காக் கத்துக்குடுத்தது ராயக்கோட்டை பஸ் கண்டக்டர்தான். அறுபதுகளோட கடைசி அது. சேலம் பக்கத்திலிருந்து டீச்சர் வேலைக்கு ஓசூர் வந்து ஆறு மாசம்கூட ஆகல. மூணு பேர் சீட்டுல நாலாவது ஆளை உக்கார வைக்க அவர் ஒவ்வொருத்தர்கிட்டயும் ஒவ்வொரு பாஷையில பேசுவார். கன்னடக்காரர்கிட்ட ‘ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி’, தெலுங்குக்காரர்கிட்ட ‘கொஞ்செம் அட்ஜஸ்ட் சேஸ்கோண்டி’, என்கிட்ட ‘கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கம்மா’. மத்ததெல்லாம் மாறும், அந்த ஒரு வார்த்தை மாறாது. உக்காந்திருக்கறவங்க நகர்ந்து நிக்கறவங்களுக்கு இடம் விடணும், அவ்வளவுதான் அர்த்தம். எனக்கு அது ரொம்பப் புடிச்சுப்போச்சு. வாய்க்கு வாய் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன், பெரிய இங்கிலீஷ்காரி மாதிரி.

எங்க மாதா கோயில்ல பிள்ளைங்களுக்கு உபதேசம் சொல்லிக் குடுக்கற வேலையும் என் தலையில விழுந்துச்சு. அந்த வருஷம் முதல் தடவை நன்மை, அதான் பூசையில சாமியார் குடுக்கற அப்பம், வாங்கப் பன்னெண்டு பொம்பளப் பிள்ளைங்க. வெள்ளை கவுன், ஒரு கையில மெழுகுத்திரி, இன்னொரு கையில ஜோடிப் பிள்ளையோட கை. இப்படி ஆறு ஜோடியா பீடம் வரைக்கும் நடந்து வரணும்.

அதுல ஒருத்தி உத்தனப்பள்ளிக் கூலிக்காரக் குடும்பத்துப் பிள்ளை. அவ அப்பாவுக்கு ஜூஜுவாடியில ரோட்டு வேலை கிடைச்சதும் குடும்பத்தோட ஓசூருக்கு வந்துட்டாங்க. ஜெபமெல்லாம் அவளுக்குத் தண்ணி பட்ட பாடு. நான் உயரம் பார்த்து ஜோடி சேர்த்தப்ப அவ பக்கத்துல நின்னது வீட்டுக்காரம்மா பொண்ணு. வீட்டுக்காரம்மான்னா நான் மாடியில வாடகைக்கு இருந்த வீட்டோட சொந்தக்காரி. பிள்ளைங்க ரெண்டும் ஒரே வாரத்துல ஒட்டிக்கிச்சுங்க.

பூசைக்கு முந்தின நாள் ஒத்திகை முடிஞ்சதும் வீட்டுக்காரம்மா என்னைத் தனியாக் கூப்பிட்டாங்க. குரலை ஒசத்தவே இல்ல. “ஏன் டீச்சர், அந்தப் பிள்ளை கையைப் பிடிச்சுக்கிட்டுத்தான் எங்க பாப்பா நடக்கணுமா? சொந்தக்காரங்கல்லாம் வராங்க.”

என்ன கேக்கறாங்கன்னு எனக்குப் புரியாம இல்ல. எங்க கோயில்லயும் சாதி இருந்துச்சு. எல்லாருக்கும் தெரியும், யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டோம். முடியாதுங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சாமியார் காதுல போட்டிருந்தாலே போதும், அவர் அந்தம்மாவை உண்டு இல்லைன்னு பண்ணியிருப்பார். நான் ரெண்டும் செய்யல. வீட்டைக் காலி பண்ணச் சொல்லிட்டா தெரியாத ஊர்ல ஒண்டியா எங்க போய் நிக்கறதுன்னு பயம். ‘பாத்துக்கறேங்க’ன்னு தலையை ஆட்டினேன். வெக்கங்கெட்டவ.

அந்தப் பிள்ளையோட அம்மா குழாயடியில குடத்தோட நின்னுக்கிட்டிருந்தா. அதுவரைக்கும் அவளை நான் ‘வாம்மா, போம்மா’ன்னுதான் கூப்பிடுவேன். அன்னிக்கு மட்டும் எங்கிருந்தோ மரியாதை வந்துச்சு. “நாளைக்கு ஜோடி ஒண்ணு சரியா அமையலைங்க. பாப்பா கடைசியில தனியா வரட்டும். கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க.”

அவ குடத்தைக் கீழ வச்சுட்டு என்னைப் பார்த்தா. அந்த ‘ங்க’விலேயே அவளுக்கு விஷயம் விளங்கியிருக்கும்.

“எங்களுக்கு இதெல்லாம் பழக்கம்தான் டீச்சர். அவளுக்குத்தான் இன்னும் பழகல. வீட்ல தம்பி கையைப் பிடிச்சுக்கிட்டு நடந்து நடந்து பாக்கறா. நீங்களே அவகிட்ட சொல்லிடுங்க.”

சொன்னேன். ‘எல்லாரையும் விட நீதான் ஜெபம் நல்லா சொல்றே, அதனால கடைசியில தனியா வர்ற பெருமை உனக்குத்தான்’னு கூசாம ஒரு பொய். அவ அப்படியே நம்பிட்டா. மத்த பிள்ளைங்ககிட்டயெல்லாம் ஓடிப்போய்ச் சொன்னா. அன்னிக்கு எனக்குச் சோறு இறங்கல. அதுக்காக நான் எதையும் மாத்தவும் இல்ல.

மறுநாள் பூசையில வீட்டுக்காரம்மா பொண்ணுக்கு ஜோடி இல்லாமப் போச்சு. அவ கையைப் பிடிச்சுக்கிட்டு யார் நடந்தா? நான்தான். எனக்குப் பின்னாடி அந்தப் பிள்ளை தனியா வந்தா. பீடத்துக்குக் கிட்ட போய்த்தான் திரும்பிப் பார்த்தேன். மெழுகுத்திரியை நிமிர்த்திப் பிடிச்சு, நான் சொல்லிக்குடுத்த மாதிரியே அடி மேல அடி வச்சு வந்துக்கிட்டிருந்தா. இன்னொரு கை பழக்கத்துல பக்கவாட்டுல கொஞ்சம் நீண்டே இருந்துச்சு, யாரோ பிடிச்சிருக்கற மாதிரி.

பூசை முடிஞ்சு ஓடி வந்து, “நல்லா நடந்தேனா டீச்சர்?”னு கேட்டா. ‘ரொம்ப நல்லா நடந்தே’ன்னு சொன்னேன். அவ அம்மா தள்ளி நின்னு எங்களையே பார்த்துக்கிட்டிருந்தா.

அடுத்த வாரம் ராயக்கோட்டையில ஒரு கல்யாணத்துக்குப் போக பஸ் ஏறினேன். ஜன்னலோரம் இடம் கிடைச்சுது. கொஞ்ச நேரத்துல அந்தத் தாயும் பொண்ணும் ஏறினாங்க, உத்தனப்பள்ளிக்கு. பிள்ளை என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பா என் சீட்டுக்கு ஓடி வரப் பார்த்தா. அம்மா எட்டி அவ கையைப் பிடிச்சுக்கிட்டா. கண்டக்டர் வழக்கம்போல ஆரம்பிச்சார், மூணு பாஷையிலயும். நான் அவசர அவசரமா நகர்ந்தேன். பக்கத்துல இருந்த ரெண்டு பேரையும் நகரச் சொன்னேன். நல்லாவே இடம் கிடைச்சுது.

“வாங்க, உக்காருங்க”ன்னேன்.

“இருக்கட்டும் டீச்சர்,” அவ நிதானமாத்தான் சொன்னா. “நாங்க அட்ஜஸ்ட் பண்ணிக்கறோம்.”

திட்டியிருந்தாக்கூடத் தேவலாம். பக்கத்துல இருந்தவர் மறுபடியும் அகட்டி உக்காந்துக்கிட்டார். உத்தனப்பள்ளி வர்ற வரைக்கும் அவங்க ரெண்டு பேரும் கையைக் கோத்துக்கிட்டு நின்னே வந்தாங்க. நான் உக்காந்தேதான் போனேன்.