நான் நிறுத்தச் சொன்ன தோத்திரம்

மூன்று ஆண்டுகளுக்கு முன், ஒரு தை மாதக் காலையில், பாம்பனுக்குத் தெற்கே கடலில் நடந்தது இது. அன்று வள்ளத்தில் இருந்தவர்களைத் தவிர வேறு யாருக்கும் இது முழுதாகத் தெரியாது.

நான் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். எங்கள் கோயிலில் ஞாயிறுதோறும் வாசகம் படிப்பவன். ஜெபம் என்றால் அதற்கென்று ஒரு நேரமும் நல்ல தமிழும் வேண்டும் என்பது என் எண்ணம். எங்கள் தெருவில் கடல்பாசி எடுக்கும் பெண்கள் ஏழு பேர் உண்டு. கண்ணாடி மாட்டி, விரல்களில் துணி சுற்றி, மூச்சடக்கி முங்கி, பாறைகளில் வளரும் பாசியைப் பறித்து, இடுப்பில் கட்டிய பையில் போட்டு வருவார்கள். அவர்கள் எதற்கெடுத்தாலும் ‘தோத்திரம்’ என்பார்கள். பஸ் வந்தால் தோத்திரம். காணாமல்போன செருப்பு கிடைத்தால் அதற்கும் ஒரு தோத்திரம். எனக்கு அது பொறுக்கவில்லை.

ஒருநாள் தெரு ஜெபக்கூட்டத்தில் எல்லார் முன்னிலையிலும் அவர்களைக் கடிந்துகொண்டேன். ஆண்டவரைப் புகழும் சொல்லை இப்படி மூச்சுக்கு மூச்சு வாரி இறைக்கக் கூடாது, கோயிலிலும் ஜெபத்திலும் மட்டும் சொன்னால் போதும் என்றேன். அவர்களில் மூத்தவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு, “சரிங்க சார்” என்று மட்டும் சொல்லிவிட்டுக் குனிந்துகொண்டார். ஒரு நல்ல காரியம் செய்த நிறைவோடு வீடு திரும்பினேன்.

அடுத்த வாரம் அதே பெண்கள் பாசி எடுப்பவர்களுக்கான அடையாள அட்டை கேட்டு மனு எழுதித் தரச் சொன்னார்கள். வேலையை நேரில் பார்த்து எழுதலாமே என்று நானும் வள்ளத்தில் ஏறினேன்.

“வேட்டிய மடிச்சுக் கட்டுங்க சார். கடலு என்ன உங்க பள்ளிக்கூடமா, நீங்க சொன்னா நனைக்காம இருக்க?” என்றார் மூத்தவரின் தங்கை. எல்லாரும் சிரித்தார்கள், நானும்தான்.

வாடைக் காலத்தில் தென்கடல் குளம்போலக் கிடக்கும். ஏழு பேரும் இறங்கினார்கள். ஒருவர் முங்க, ஒருவர் எழ, தலைகள் அங்குமிங்கும் தெரிந்து மறைந்தன. பேச்சில்லை, சத்தமில்லை. நான் குறிப்பெழுதிக்கொண்டிருந்தேன்.

திடீரென்று மூத்தவர் முங்காமல் நின்று சுற்றிலும் பார்த்தார். “என் தங்கச்சி எங்கடி?”

“இப்பத்தான மதினி, அங்கன எந்திரிச்சா?” என்றார் ஒருவர்.

“அது நானுல்ல” என்றார் இன்னொருவர்.

அடுத்த நொடி ஆறு பேரும் முங்கினார்கள். வள்ளக்காரரும் குதித்தார். ஒரு தலைகூட இல்லாத கடலைப் பார்த்தபடி, கையில் பேனாவோடு நான் மட்டும் நின்றேன்.

பாறை இடுக்கில் சிக்கிய இடுப்புப் பையின் கயிற்றை அறுத்துத் தங்கையை மேலே கொண்டுவந்தார்கள். உதடு நீலம் பாரித்திருந்தது. வள்ளத்தில் ஏற்றியதும் வாயிலிருந்து கடல்நீர் வந்தது. வெகுநேரம் போலத் தோன்றிய ஓர் இடைவெளிக்குப் பின் இருமல் வந்தது.

கரைக்கு விரையும்போது, தங்கையின் தலையை மடியில் வைத்துக்கொண்டு மூத்தவர் மெல்லச் சொன்னார். “முங்கி எடுக்கையில அடுத்தவ எங்க இருக்கான்னு கண்ணால பாக்க ஏலாது சார். எந்திரிச்சதும் தோத்திரம்னு சொல்லுவோம். கொரலு வரலைன்னா தேடுவோம். ஒரு வாரமா யாரும் சொல்லல.”

அவர் பக்கம் குனிந்தேன். “அன்னைக்கே இதச் சொல்லியிருக்கலாமேம்மா?”

“என்னன்னு சார் சொல்ல? ஆள் இருக்குன்னு தெரியுறதெல்லாம் பெறகு. உள்ள போயிட்டு வந்தா மறுபடி மூச்சு கெடைக்குது பாருங்க, அதுக்குத்தான் சொல்றது. அத வெறும் அடையாளத்துக்குன்னு சொல்ல வாய் வரல.”

தங்கையை ஆஸ்பத்திரியில் ஒருநாள் வைத்திருந்து அனுப்பினார்கள். அவர்கள் மறுபடி கடலுக்குப் போன அன்று, கேட்டு நானும் உடன் போனேன். தங்கையை இறங்க விடவில்லை. என் அருகில் உட்கார்ந்திருந்தார். இறங்குமுன் மூத்தவர், “இனிமே சொல்லிக்கிறோம் சார்” என்றார். அனுமதி கேட்ட குரல் அல்ல அது.

முதல் தலை எழுந்தது. “தோத்திரம்.” அப்பால் இன்னொன்று. பின்னால், தூரத்தில், மீண்டும் அருகில். பாதிச் சொல் மூச்சிரைப்பிலேயே கரைந்தது. உச்சரிப்பு ஒன்றுகூடச் சரியில்லை. தங்கை ஒவ்வொரு குரலுக்கும் ஒரு விரலை மடக்கிக்கொண்டிருந்தார். ஆறு குரலும் வந்தபின், தாமும் ஒருமுறை முணுமுணுத்தார். இத்தனை ஆண்டு நான் படித்த ஜெபங்களில் எதையும் உயிர் திரும்பக் கிடைத்தவனாக நான் சொன்னதில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. அந்தப் பரந்த நீரின் நடுவே என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை, முழங்காலிட்டேன்.

அடுத்த ஜெபக்கூட்டத்தில் நான் சொன்னது தவறு என்றேன். ஏன் தவறு என்று சொல்லும் துணிவு வரவில்லை. அந்த ஏழு பேரும் வள்ளக்காரரும் இன்றுவரை என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. தெருவில் எனக்கிருந்த மரியாதை அப்படியே இருக்கிறது, அதுதான் உறுத்துகிறது.

இப்போது காலையில் கண் விழித்ததும், படியேறி மூச்சு வாங்கி நிற்கும்போதும், நானும் தோத்திரம் சொல்கிறேன். சொல்லும் ஒவ்வொரு முறையும், குரல் எதுவும் வராமல் கிடந்த அந்த நீர்ப்பரப்புதான் முதலில் என் கண்முன் வந்து நிற்கிறது.