வேப்பமரத்தடியில் நின்றால்தான் புகை

செவ்வாய்க்கிழமை காலை ஒரு காருக்கு அடியில் படுத்திருந்தபோது போன் வந்தது. பட்டாசுக் கம்பெனி வாட்ச்மேன் பாண்டியண்ணன். "செல்லத்தாயக்கா தவறிட்டாகடா. நேத்து வேல முடிஞ்சு போயி, நெஞ்சு வலிக்குன்னு படுத்தவுக எந்திரிக்கல" என்றார். கையிலிருந்த போல்ட்டை முழுதாக முடுக்கிவிட்டுத்தான் வெளியே வந்தேன். பாதியில் விட்டிருந்தால் அக்காவுக்குப் பிடித்திருக்காது.

தாயில்பட்டி ரோட்டில் அந்தக் கம்பெனி கேட்டைத் தாண்டிய எல்லோருக்கும் அக்காவைத் தெரியும். வேலைக்கு வரும் பெண்களின் கொண்டையில் இரும்பு ஊசி இருக்கிறதா என்று பார்ப்பார். உள்ளே போகிறவர்களிடம் தீப்பெட்டி, பீடி, செல்போனை வாங்கித் தகர டப்பாவில் போடுவார். வண்டி நோட்டும் அவரிடம்தான். எந்த வண்டி எப்போது வந்தது, எங்கே நின்றது, எப்போது போனது எல்லாம் அதில் இருக்கும். ஒருமுறை முதலாளியின் மருமகன் சென்னையிலிருந்து வந்தார். அக்கா டப்பாவை நீட்டினார்.

"நான் யாருன்னு தெரியுமா?"

"தெரியும்ங்க. மருமகன் தீப்பெட்டின்னா பத்தாதா?"

மருமகன் லைட்டரை எடுத்து டப்பாவில் போட்டார்.

நான் அப்போது பாலிடெக்னிக்கை இரண்டாம் வருடத்தோடு விட்டுவிட்டு, அப்பாவின் பழைய வெள்ளைக் காரை அந்தக் கம்பெனிக்கு ஓட்டிக்கொண்டிருந்தேன். ஆர்டர் கொடுக்க வரும் வெளியூர் வியாபாரிகளை விருதுநகர் ஸ்டேஷனிலிருந்து கூட்டி வருவேன். அவர்கள் பேசி முடிக்கும்வரை கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியிலோ கிணற்றடியிலோ காத்திருந்து, திரும்பக் கொண்டுபோய் விடுவேன். ஒருநாள் வண்டியைக் கிளப்பியதும் சைலென்சரிலிருந்து நீலப் புகை குப்பென்று வந்தது. அரை நிமிடத்தில் நின்றுவிட்டது. மறுநாள் இல்லை. அதற்கடுத்த நாள் மறுபடியும் வந்தது.

"ஏலே, மருந்து கெடக்குற எடத்து வாசல்ல வந்து புகை விடுற. மேனேசர்ட்ட சொல்லாம இருக்க முடியாது, பாத்துக்க" என்றார் அக்கா. சொல்லியும் விட்டார். பத்து நாளில் சரி செய்யாவிட்டால் இந்த வண்டி வரக்கூடாது என்றார் மேனேஜர்.

சாத்தூரில் மூன்று ஒர்க்‌ஷாப் ஏறி இறங்கினேன். போன இடத்தில் ஒரு பொட்டுப் புகை வராது. "வராத புகைய எப்படிப்பா பாக்க?" என்று கேட்டார் ஒரு மெக்கானிக். நீலம் என்றால் ஆயில் எரிகிறது, பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கும், இஞ்சினை இறக்கிப் பிரிக்க வேண்டும், ஒரு மாதம் ஆகும் என்றார்கள் மூன்று பேரும். தீபாவளிக்கு இரண்டு மாதம்தான் இருந்தது. சீசனில் வண்டி படுத்தால் அந்த ஓட்டம் வேறு ஆளுக்குப் போய்விடும். "இஞ்சின இறக்குறதுக்கு வண்டிய எடைக்குப் போட்டுரலாம்" என்றார் அப்பா. அவர் விளையாட்டுக்குப் பேசுகிறவர் இல்லை.

நான் ஏமாற்றப் பார்த்தேன். கேட் வாசல் ரோட்டை நோக்கிச் சரிவாக இருக்கும். பிரேக்கை விட்டால் வண்டி தானே உருண்டு போகும். வளைவு தாண்டிய பிறகுதான் கிளப்புவேன். "பெட்ரோல் மிச்சம் பண்றியா தம்பி?" என்று கேட்டார் ஒரு வியாபாரி.

கெடு முடிய மூன்று நாள் இருக்கும்போது அக்காவிடம் சண்டைக்குப் போனேன். "எம்மேல என்னக்கா கோவம் ஒங்களுக்கு?"

"ஒன்னயப் பத்தி ஒரு வார்த்த எழுதலலே. புகையப் பத்தித்தான் எழுதிருக்கேன். படி" என்று நோட்டைக் கையில் கொடுத்தார்.

படித்தேன். 'உருட்டிக்கொண்டு போனான். வளைவில் புகை தெரிந்தது' என்றுகூட இருந்தது. புகை வந்த நாளெல்லாம் வண்டி வேப்பமரத்தடியில் நின்றிருந்தது. கிணற்றடியில் நின்ற நாட்களில் புகை இல்லை.

"மரத்துக்கும் இஞ்சினுக்கும் என்னக்கா சம்பந்தம்?"

"எனக்கு என்னலே தெரியும்? பாத்தத எழுதுனேன். காலேசுக்குப் போனவன் நீ சொல்லு."

"பாதியில வந்துட்டேன்க்கா."

"அப்பப் பாதியச் சொல்லு."

அந்தப் பாதி போதுமானதாக இருந்தது. அவசரம் என்றால் ஒரே இழுப்பில் வெளியேற வேண்டும் என்பதால், வாசலில் நிற்கும் வண்டியெல்லாம் ரோட்டைப் பார்த்துத்தான் நிற்க வேண்டும். அது அக்கா விடாமல் பார்த்துக்கொண்ட சட்டம். கிணற்றடி சமதளம். வேப்பமரத்தடி சரிவு, அங்கே நின்றால் காரின் மூக்கு கீழே இருக்கும். இஞ்சின் தலையில் இருக்கும் ஆயில் முன்பக்கம் சேர்ந்து, வால்வு வழியாக ஒழுகி உள்ளே தங்கும். கிளப்பியதும் எரியும். ஆளை ஏற்றிக்கொண்டு மேடேறி வரும்போது ஒருநாளும் புகை இல்லை என்பதும் நோட்டில் இருந்தது. ரிங் போயிருந்தால் அப்போதுதான் அதிகம் புகைந்திருக்கும்.

மறுநாள் கம்பெனி எல்லைக்கு வெளியே, ரோட்டுச் சரிவில், மூக்கு கீழே இருக்கும்படி காரை நிறுத்தினேன். மதியம் அக்கா தூக்குச்சட்டியோடு பார்க்க வந்தார். கிளப்பினேன். புகை. அதற்கடுத்த நாள் அதே இடத்தில் மூக்கு மேலே இருக்கும்படி திருப்பி நிறுத்தினேன். புகை இல்லை. இஞ்சினை இறக்காமலே மெக்கானிக் மேல் மூடியைக் கழற்றிப் பார்த்தார். முன்பக்கத்து வால்வுகளில் இருந்த சின்ன ரப்பர் சீல்கள் வெடித்துக் கிடந்தன. ஒரே நாள் வேலை.

"சரியாப்போச்சுக்கா, எழுதிக்கங்க" என்றேன்.

"ஒரு நாள் வரலன்னா வராதுன்னு அர்த்தமாலே? வண்டி வரட்டும்னு மேனேசர்ட்ட சொல்லிருக்கேன். சரியாப்போச்சான்னு நாந்தான் சொல்லணும்."

ஒரு மாதம் என்னை வேப்பமரத்தடியிலேயே நிற்க வைத்தார். தினமும் வெளியே வந்து நின்று பார்த்து 'புகை இல்லை' என்று எழுதினார். அந்தத் தீபாவளி ஓட்டம் முழுக்க நான்தான் ஓட்டினேன். அப்பா அதற்குப் பிறகு எடைக்கடைப் பேச்சை எடுக்கவில்லை.

இப்போது விருதுநகரில் சொந்தமாக ஷெட் வைத்திருக்கிறேன். எப்போதாவது புகை வருகிறது என்று யார் வந்தாலும் பானெட்டைத் திறக்க மாட்டேன். ஒரு கோடு போட்ட நோட்டைக் கொடுத்து, ஒரு வாரம் எழுதிக்கொண்டு வரச் சொல்வேன். எங்கே நின்றது, எப்போது கிளப்பினீர்கள், புகை வந்ததா. சிலர் திட்டுகிறார்கள். திட்டிவிட்டு எழுதிக்கொண்டு வருகிறார்கள். அக்காவிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது இதுதான். எனக்குப் படிப்பு பாதிதான், இது முழுசாக இருக்கிறது.

அக்காவைக் கொண்டுபோன அன்று அதே வெள்ளைக் காரில்தான் திருத்தங்கல் போனேன். தெருவில் ரோட்டைப் பார்த்து நிறுத்தினேன். எல்லாம் முடிந்து புறப்படும்போது, வண்டியைக் கிளப்பிவிட்டு இறங்கிப் பின்னால் போய் நின்று பார்த்தேன். பிறகு நோட்டை எடுத்து எழுதினேன்: திருத்தங்கல், அக்கா வீட்டு வாசல், சரிவு. புகை இல்லை.