தனம் அக்காவுக்கு நான் வைத்த பெயர்

போன ஞாயிற்றுக்கிழமை மேற்குத் தாம்பரம் மார்க்கெட் பக்கம் யார் வீட்டிலோ கருவாடு வறுத்தார்கள். மற்றவர்களுக்கு அந்த வாசனை வந்தால் பசிக்கும். எனக்கு வியர்க்கும். யாரோ மின்விசிறியை நிறுத்திவிட்ட மாதிரி இருக்கும். சொன்னால் சிரிப்பீர்கள், ஆனால் காரணம் இருக்கிறது.

என் முதல் வேலை, தென்சென்னைப் புறநகர்த் திருநங்கைகளின் வாழ்க்கைக் கதைகளைக் குரலில் பதிவுசெய்வது. நியமன உத்தரவில் 'வாய்மொழி வரலாறு' என்று கம்பீரமாகப் போட்டிருந்தது. சிட்லபாக்கம் வீட்டில் அம்மா அதை இரண்டு முறை படித்தாள். "உக்காந்து ஊர்க்கதை கேக்கறதுக்கா சம்பளம்? நான் ஃப்ரீயாவே பண்ணிண்டிருக்கேனேடி" என்றாள். உண்மைதான். ஏரிக்கரையில் ஒரு நடை போய்வந்தால் மூன்று தெருவின் வரலாறு அம்மாவிடம் இருக்கும்.

பதிவில் சத்தம் கூடாது என்பது எங்கள் அலுவலக விதி. பெரும்பாக்கம் குடியிருப்பு, எட்டாவது மாடியில் தனம் அக்கா வீடு, மே மாதம். நான் போய் ஃபேனை நிறுத்துவேன். அக்கா கருவாடு விற்றுப் பிழைத்தவர், ஐம்பதைத் தாண்டிய திருநங்கை; வீடெல்லாம் கருவாட்டு வாசனை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே கேட்பார்: "ஃபேன நிறுத்துனாத்தான் உண்மை வருமா தங்கச்சி? போலீஸ்காரங்களே ஃபேன் போட்டுக்கினுதான் விசாரிச்சாங்க."

பதினைந்து வயதில் வீட்டைவிட்டு வந்தவர், தனக்குத் தானே வைத்துக்கொண்ட பெயர் தனம். அந்தப் பெயரில் ரேஷன் கார்டு வாங்க அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கியிருக்கிறார். "நாலு ஜோடி செருப்பு தேஞ்சிச்சு. அஞ்சாவது ஜோடியில கார்டு வந்துச்சு." அதோடு விட்டாரா? மற்ற திருநங்கைகளையும் வரிசையாகக் கூட்டிக்கொண்டு போய்க் கவுன்ட்டரில் நிற்பார். "மொதல்ல பேரச் சொல்லிக் கூப்டு சார். அப்பால பேசலாம்."

இதையெல்லாம் நான் ஒரு எழுத்து விடாமல் தட்டச்சு செய்தேன். இந்தக் கதைகள் புத்தகமாக வரும்போது எல்லோருடைய பெயரையும் மாற்ற வேண்டும் என்பது இன்னொரு விதி. ஒப்புதல் படிவத்தில் ஏழாவது வரியில் இருந்தது. ஏழாவது வரிவரை நான் யாருக்கும் வாசித்துக் காட்டியதில்லை. ஃபேன் இல்லாத அறையில் மூன்றாவது வரிக்கே மயக்கம் வரும். அக்கா பெரிய எழுத்தில் 'தனம்' என்று கையெழுத்துப் போட்டார். நான் ஒரு சாயங்காலம் முழுக்க யோசித்து அவருக்கு 'மல்லிகா' என்று பெயர் வைத்தேன். நல்ல பெயர் என்று எனக்கே பெருமை வேறு.

புத்தக வெளியீட்டுக்கு அக்கா பட்டுப்புடவை கட்டி, பத்துப் பேரோடு வந்தார். பக்கத்தில் இருந்த பெண்ணை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"யாரு இந்த மல்லிகா? நான் சொன்னதெல்லாம் அவ சொல்லிக்கீறா?"

"உங்க பாதுகாப்புக்குத்தான்க்கா."

"யாராண்டேருந்து?"

நான் படிவத்தின் ஏழாவது வரியைச் சொல்ல ஆரம்பித்தேன். அக்கா கையமர்த்தினார்.

"பெத்தவங்க ஒரு பேரு வெச்சாங்க, என்னக் கேக்கல. நீயும் கேக்கல."

திட்டிவிட்டு, பிரியாணி சாப்பிட்டுவிட்டு, கிளம்பும்போது, "அடுத்த தபா மாத்திடு" என்றார். சரிக்கா என்றேன். அடுத்த தபா வரவில்லை. புத்தகம் விற்றால்தானே மறுபதிப்பு!

இரண்டு வருடம் முன்பு அக்கா போய்ச் சேர்ந்தார். ஊரிலிருந்து தம்பி வந்திருந்தார். கண்ணீர் அஞ்சலி பேனரில் மீசை அரும்பிய ஒரு பையன் படம், அதன் கீழே அக்கா விட்டுவிட்டு வந்த பெயர். கூட இருந்தவர்கள் 'தனம்' என்றிருந்த ரேஷன் கார்டைக் காட்டினார்கள். "ஊர்ல யாருக்கும் இந்தப் பேரு தெரியாதுங்க" என்றார் தம்பி, மரியாதையாகத்தான்.

புத்தக வெளியீட்டில் அக்காவின் பட்டுப்புடவைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்த பெண் என்னிடம் வந்தார். "உங்ககிட்ட அவங்க குரல் இருக்குமே. அவங்களே பேரச் சொல்றத இவுருக்குப் போட்டுக் காட்டுவோம்."

குரல் இருந்தது, என் போனிலேயே. எங்கள் பதிவுகள் எல்லாமே, பேசுகிறவர் தன் பெயரைச் சொல்லித்தான் தொடங்கும். அந்தப் பெயர்களை ஒவ்வொன்றாக வெட்டி நீக்கியவள் நான். விதிப்படி மூலப் பதிவுகளை அழித்தவளும் நானே. ஒரு பெயர்கூட மிச்சம் வைக்கவில்லை என்று அலுவலகத்தில் பாராட்டினார்கள்.

அந்தப் பெண்ணிடம் இதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. இன்னும் இருக்கிறது. தம்பி நல்ல மனிதர், போட்டதைக் கேட்டார். அக்கா மூன்று மணி நேரம் பேசுகிறார். தன் பெயரை மட்டும் எங்கேயும் சொல்லவில்லை.