முகம் சுளித்த குதிரையும் மாமாவின் நிக்காஹும்

எங்கள் வாப்பாவின் குதிரைக்கு ஊரில் நல்ல பெயர் கிடையாது. அழகில்லை என்பதல்ல. நெடுந்தீவிலிருந்து வள்ளத்தில் வந்து இறங்கிய மட்டக்குதிரை அது. உயரம் குறைவே தவிர, தேய்த்து வைத்த செம்புக்குடம் போல மினுமினுவென்று இருக்கும். முதுகில் ஆள் இல்லாத நேரத்தில் அதைப்போல ஒரு சாதுவைக் காண முடியாது. எங்கள் எருக்கலம்பிட்டிக் கழுதைகளோடு தானும் ஒன்றாக நின்று மேயும். ஆனால் யாராவது ஏறி உட்கார்ந்து, எதிரில் இன்னொரு குதிரையும் வந்துவிட்டதோ, வந்தது வினை. இரண்டு காதையும் பின்னுக்கு மடித்துத் தலையோடு ஒட்டிக்கொள்ளும். மூக்கைச் சுருக்கும். மேலுதட்டைத் தூக்கிப் பல்லைக் காட்டும். பிறகு கண்ணில் வெள்ளை தெரிய ஒரு பார்வை பார்க்கும் பாருங்கள், எதிரில் வந்த குதிரை நாம் என்ன குற்றம் செய்தோமென்று யோசிக்கத் தொடங்கிவிடும்.

உம்மாவுக்கு அந்த முகம் புதிதல்ல. வாப்பாவின் ராத்தா, அதாவது என் மாமி, எங்கள் வீட்டுக்குள் நுழையும்போது அச்சாக அதே முகத்தோடுதான் நுழைவார் என்பது உம்மாவின் கட்சி. வாப்பா ஊர் ஊராகப் புடவை விற்றுவிட்டுக் குதிரையில் வந்து இறங்கியதும், அதைக் காட்டி, "இண்டைக்கும் உங்கட ராத்தா முகத்தைத் தூக்கிட்டாவோ?" என்று கேட்பார். வாப்பா கை கால் கழுவப் போய்விடுவார். ஒருமுறை மன்னார் ரோட்டில் ஆஸ்பத்திரி அப்போதிக்கரியின் வண்டிக் குதிரை இந்த முகத்தைப் பார்த்து மிரண்டு, அவருடைய தொப்பி பறந்துபோய் ரோட்டோரத் தரவைச் சேற்றில் விழுந்தது. அன்றைக்கு வாப்பாவே சேற்றில் இறங்கித் தொப்பியை எடுத்துக் கொடுத்துவிட்டு வந்தார். வேட்டியைத் துவைத்த உம்மாதான் அந்தக் கதையை ஊருக்குச் சொன்னவர்.

இந்தக் குதிரையில் ஏறித்தான் என் மாமா மாப்பிள்ளையாகப் போனார்.

மாமா என்றால் உம்மாவின் ஒரே தம்பி. உலகத்திலே யாரோடும் மோதாமல் வாழ்ந்துவிட்டுப் போகலாம் என்று நம்பிய மனுசன். கிணற்றடியில் அவருக்குப் பின்னால் வந்தவர்கள் எல்லாரும் அள்ளிக்கொண்டு போன பிறகுதான் அவர் வாளி தண்ணீரைத் தொடும். ஒழுங்கையில் கோழி குஞ்சுகளோடு குறுக்கே வந்தாலும் நின்று வழிவிடுவார். அவருக்குப் பேசிய இரண்டு சம்பந்தங்களை வேறு ஆட்கள் நடுவில் புகுந்து கொண்டுபோனார்கள். இரண்டு கலியாணத்துக்கும் மாமா போய், பந்தியில் நின்று சோறு பரிமாறிவிட்டு வந்தார். உம்மாவுக்கு வயிறு எரிந்தது. எரியாதா?

மூன்றாவதாகப் பேசியது ஊரின் மேற்குப் பக்கத்தில், ஒரு சங்கு வியாபாரியின் மகளை. இந்தச் சம்பந்தத்தில் மாமாவுக்கு உள்ளூர மிகுந்த ஆசை. அவர் வாயால் சொல்லவில்லை. ஆனால் கலியாணத்துக்கென்று வாங்கிய அத்தர் குப்பியை அலுமாரியிலிருந்து எடுத்து எடுத்துத் தானே மோந்து பார்த்துக்கொண்டிருந்ததை நான் கண்டேன். கலியாண நாளுக்கு முன்பே குப்பி பாதியாகிவிட்டது.

அதே நாளில் ஊரில் இன்னொரு கலியாணமும் வந்து சேர்ந்தது. பல வள்ளங்கள் வைத்திருந்த சம்மாட்டியின் மகனுக்கு. ஒரே நாளில் இரண்டு மாப்பிள்ளைகள் வந்தால் எங்கள் ஊரில் ஒரு வழக்கம் இருந்தது. எவருடைய குதிரை பள்ளிவாசல் வாசலுக்குள் முதலில் கால் வைக்கிறதோ, அவருக்கு முதல் நிக்காஹ். மற்றவர் வெளியிலே குதிரை மேல் காத்திருக்க வேண்டும். காத்திருந்த மாப்பிள்ளை என்ற பெயர் பிறகு அவரை விட்டுப் போகாது, பேரப்பிள்ளை காலத்திலும் சொல்லிக்காட்டுவார்கள்.

மாப்பிள்ளைக் குதிரைக்கு மன்னார் டவுனில் ஒருவரிடம் நாங்கள் முன்பே சொல்லி வைத்திருந்தோம். அது சும்மா குதிரையல்ல. வெள்ளைக்கார ஏசண்டுத் துரை மோட்டார் கார் வாங்கியபோது விற்ற வெள்ளைக் குதிரை. அதற்கு முன்னால் வண்டிக்காரர்கள் வண்டியைப் பள்ளத்தில் இறக்கி வழிவிட்டிருக்கிறார்கள், ஊர்த் தலைமை விதானைமார் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருக்கிறார்கள். சம்மாட்டிக்கு அந்தக் குதிரையின் மேல் கண். ஆள் அனுப்பிக் கேட்டார். மாமா என்ன சொல்லியிருப்பார் என்று உங்களுக்கே தெரியும். அதற்கென்ன, அவங்களே எடுத்துக்கொள்ளட்டும் என்றார். அன்று உம்மா சோற்றுக் கோப்பையைச் சத்தம் வரும்படி அவர் முன்னால் வைத்தார்.

செய்தி சங்கு வியாபாரியின் காதுக்கும் போனது. அவர் கோபக்காரர், ஆனால் மனதில் ஒன்றை வைத்துக்கொண்டு வெளியில் வேறொன்றைப் பேசத் தெரியாதவர். நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். கதிரை போட்டும் உட்காரவில்லை. முற்றத்தில் நின்றே வாப்பாவிடம் சொன்னார்:

"என்ட மகள்ட நிக்காஹ் ரெண்டாவதா நடக்காது. மாப்பிள்ளை பிந்தி வந்தா, வந்த வழியே திரும்பிப் போகச் சொல்லுங்கோ."

அவர் போன பிறகு மாமா அலுமாரியைத் திறக்கவே இல்லை.

கலியாண நாள் வந்தது. வேறு குதிரைக்கு வழியில்லை. வாப்பாவின் குதிரையைக் குளிப்பாட்டி, நெற்றியில் சரிகைப் பட்டி கட்டினார்கள். மாப்பிள்ளைக்கு முன்னால் குதிரையில் ஒரு சின்னப் பையனை வைப்பது வழக்கம். எனக்கு மூத்தவனான என் நானாவுக்குத்தான் அந்த மரியாதை. கோட்டும் தொப்பியும் போட்டுக் கொண்டுபோய்ப் பக்கத்தில் நிறுத்தினால், அவன் வீட்டுத் தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஊர் கேட்கக் கத்தினான். அந்த முகத்தோடு தன்னால் போக முடியாதாம். குதிரை அந்த நேரம் ஒரு முகமும் காட்டவில்லை, வாழைப்பழத் தோல் தின்றுகொண்டிருந்தது. உம்மா ஒரு கணம் யோசித்தார். பிறகு அவனுடைய கோட்டைக் கழற்றி எனக்குப் போட்டு, என் தலைமுடியைச் சுருட்டித் தொப்பிக்குள் திணித்து, என்னைத் தூக்கி மாமாவுக்கு முன்னால் வைத்துவிட்டார். ஊர்வலத்தில் வந்த பாதிப் பேருக்கு நான் பெட்டை என்று தெரியும். யாரும் வாயைத் திறக்கவில்லை. எனக்கோ வானத்தில் இருப்பது போல இருந்தது. நானா கீழே மூக்கைச் சிந்திக்கொண்டு நின்றான்.

பின்னேரம் அசர் தொழுகை முடிந்து புறப்பட்டோம். முன்னால் பைத்து பாடுகிறவர்கள், பக்கத்தில் பன்னீர்ச் செம்பு, மேலே பட்டுக்குடை. மாமாவின் இரண்டு கையும் என்னைச் சுற்றி வந்து கடிவாளக் கயிற்றைப் பிடித்திருந்தன. கைகள் கிணற்றுத் தண்ணீர் போலக் குளிர்ந்திருந்தன. வாய் ஏதோ ஓதிக்கொண்டே வந்தது. நல்ல காரியத்துக்குப் போகிறவர் ஓதத்தானே வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

பள்ளிவாசலின் வாசல் ஒரு நீண்ட ஒழுங்கையின் நடுவில் இருந்தது. இரண்டு பக்கமும் ஆளுயரப் பனையோலை வேலி. நாங்கள் கிழக்கு முனையால் நுழைந்தோம். அதே நேரம் மேற்கு முனையால் வெள்ளைக் குதிரை நுழைந்தது. யாரும் ஓடவில்லை, மாப்பிள்ளை ஊர்வலம் ஓடுவது மரியாதையில்லை. இரண்டு பக்கமும் பைத்தை மட்டும் வேகமாகப் பாடின. கடைசியில் பைத்துக்காரர்கள் விலகிப் பின்னால் போக, இரண்டு குதிரையும் ஒரே நேரத்தில் வாசலுக்கு நேரே வந்து முகத்துக்கு முகம் நின்றன. வாசலிலோ ஒரு குதிரைக்குத்தான் இடம். ஒன்று பின்வாங்கினால்தான் மற்றது திரும்பி உள்ளே போகலாம்.

அண்ணாந்து பார்த்தேன். அம்மாடி, என்ன உயரம் அந்தக் குதிரை. அதன் மேல் சம்மாட்டி மகன் கோபுரத்தில் இருப்பது போல இருந்தான். இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் வாய்ச்சண்டையைத் தொடங்கினார்கள். யார் முதலில் வந்தது, யார் நிழல் முதலில் வாசலைத் தொட்டது என்றெல்லாம் பேச்சு. பள்ளிவாசல் முன்றிலில் சங்கு வியாபாரி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மாமாவையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மாமா குனிந்து என் காதுக்குள் கேட்டார்: "அவங்க முதல்ல போகட்டும், என்ன?"

ஏழு வயதுப் பிள்ளையிடம் ஒரு மாப்பிள்ளை கேட்கிற கேள்வியா இது? எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"உம்மா வேலிக்குப் பின்னால நிண்டு பாத்துக்கொண்டிருக்கிறா" என்றேன்.

உண்மையிலேயே நின்றார். ஓலை விலகிய இடத்தில் உம்மாவின் ஒரு கண் மட்டும் தெரிந்தது. அந்த ஒரு கண்ணே போதும். மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். ஆனாலும் பழக்கதோஷம், கை தானாகக் கயிற்றை இழுத்துக் குதிரையைப் பின்னுக்கு எடுக்கப் பார்த்தது. பின்னால் எங்கள் ஆட்கள் நெருக்கியடித்து நின்றார்கள், போக இடமில்லை. கயிறு இறுகியதுதான் மிச்சம்.

எங்கள் குதிரைக்கு முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் போக முடியவில்லை. மூக்குக்கு நேரே அந்த மலை போன்ற வெள்ளைக் குதிரை. என் இரண்டு காலுக்கும் இடையில் அதன் உடம்பு நடுங்கத் தொடங்கியது. ஆத்திரத்தில் நடுங்குகிறது என்று எனக்கு ஒரே புளுகம், அப்படியொரு சந்தோசம். காது இரண்டும் பின்னால் போய் ஒட்டின. மூக்கு சுருங்கியது. உதடு மேலே போய்ப் பல் வெளியே வந்தது. வாப்பாவின் ராத்தா எங்கள் வீட்டுப் பெருநாள் சாப்பாட்டைப் பார்த்துக்கூட அப்படி ஒரு முகத்தைக் காட்டியதில்லை.

வெள்ளைக் குதிரை தன் வாழ்நாளில் அப்படியொரு முகத்தைக் கண்டிருக்காது. துரையைச் சுமந்த காலத்தில் அதன் முன்னால் எல்லாரும் பல்லைக் காட்டியிருப்பார்கள்தான், ஆனால் அது வேறு மாதிரி. ஓரடி பின்னால் வைத்தது. சம்மாட்டி மகன் குதிகாலால் இடித்தான். இன்னும் ஓரடி பின்னால் வைத்தது. போடா ராசா, முன்னுக்குப் போடா என்று கெஞ்சினான். அதற்குத் தமிழ் தெரியாது, அவனுக்கு இங்கிலீசு தெரியாது.

அப்போதுதான் சம்மாட்டி அந்தப் பிழையை விட்டார். கடலையும் வள்ளத்தையும் தவிர வேறொன்றும் அறியாத மனுசன். முன்னுக்கு நகராத எதையும் பின்னால் நின்று தள்ள வேண்டும் என்பதே அவர் கண்ட வித்தை. தன் ஆட்களைக் கூப்பிட்டுத் தள்ளச் சொன்னார். கரையிலிருந்து வள்ளம் இறக்குவது போலவே அவர்கள் வரிசையாக வந்து, குதிரையின் பின்புறத்தில் தோளைக் கொடுத்து, ஏலேலோ பாடி ஒரு தள்ளுத் தள்ளினார்கள்.

வள்ளம் உதைக்காது. குதிரை உதைத்தது. ஏலேலோ பாதியில் நின்றது. ஒருவர் வேலிக்குள் விழுந்தார், ஒருவர் ஊர்வலத்துக்குக் கொண்டுவந்த சர்பத் வாளிக்குள் உட்கார்ந்தார். வழி கிடைத்ததும் வெள்ளைக் குதிரை எங்கள் குதிரையின் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமலே பின்னால் பின்னால் நடந்து, குடையைச் சரித்து, பைத்துக்காரர்களைப் பிளந்து, மாப்பிள்ளையோடு வந்த ஒழுங்கை முழுவதையும் திரும்ப அளந்துகொண்டு போனது. சம்மாட்டி மகன் தலைப்பாகையை ஒரு கையாலும் பிடரி மயிரை ஒரு கையாலும் பிடித்துக்கொண்டு, எங்களைப் பார்த்தபடியே சின்னதாகிச் சின்னதாகி மூலையில் மறைந்தான். துரையின் குதிரை நெடுந்தீவுக் குதிரைக்குப் புறங்காட்டவில்லை என்று அவர்கள் பிறகு சொல்லிக்கொண்டார்கள். உண்மைதான். முகத்தைக் காட்டிக்கொண்டேதான் ஓடியது.

ஊர் ஆர்ப்பரித்தது. வேலிக்குப் பின்னால் பெண்கள் குரவையிட்டார்கள், அதில் உம்மாவின் குரல் எல்லாவற்றுக்கும் மேலே நின்றது. எங்கள் குதிரை காதை நிமிர்த்தி, ஒன்றும் நடக்காதது போலத் திரும்பி, வாசலுக்குள் கால் வைத்தது. சங்கு வியாபாரி ஓடிவந்து மாமாவை இறங்கவும் விடாமல் காலோடு சேர்த்துக் கட்டிக்கொண்டார். "ஒரு சொல்லுச் சொல்லேல்ல, கையைக் கூட அசைக்கேல்ல. இதுதான் ஆம்பிளை" என்று எல்லாரிடமும் சொன்னார். என்னையும் தூக்கி, இந்தச் சிங்கக்குட்டி யாருடைய மகன் என்று கேட்டார். நான் தொப்பியை அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

நிக்காஹ் முதலாவதாக நடந்தது. அன்றிலிருந்து மாமாவைக் கண்டால் கிணற்றடியில் ஆட்கள் விலகினார்கள். சம்மாட்டியே ஒழுங்கையில் எதிர்ப்பட்டால் ஓரமாக நின்று ஸலாம் சொல்லுவார். காலம் முழுக்க மாமா துணிந்த கட்டை என்றே வாழ்ந்து மவுத்தானார். எதிர்த்து நிற்காமலே எல்லாரையும் விலக வைக்கிறவர் என்று பெயர்.

ஆனால் அன்று பொழுது சாய்கிற நேரம், எல்லாரும் சாப்பாட்டில் இருக்கும்போது, எனக்குக் குதிரையைப் பார்க்க ஆசை வந்தது. பள்ளிவாசலுக்குப் பின்னால் பூவரச மரத்தில் கட்டியிருந்தார்கள். எனக்கு முன்பே மாமா அங்கே நின்றார், மாப்பிள்ளைக் கோட்டோடு. நெற்றியைக் குதிரையின் கழுத்தில் வைத்திருந்தார். கண்ணெல்லாம் ஈரம். அதன் காதுக்குள் மெல்லச் சொன்னார்:

"முடிஞ்சுது. இனி ஒண்டும் இல்லை. நாங்க ரெண்டு பேரும் தப்பிட்டம்."

எனக்கு அது பிடிக்கவே இல்லை. ஊரே பார்க்க வென்றுவிட்டு வந்த இரண்டு பேர் எதிலிருந்து தப்ப வேண்டும்? சந்தோசத்தில் மாமாவுக்கு வாய் தடுமாறிவிட்டது என்று முடிவு செய்தேன். அடுத்த நாள் காலையில் வேலிக்கு வேலி போய், மாமா குதிரையிடம் என்ன சொன்னார் என்று எல்லாருக்கும் சொன்னேன். சொல்லும்போது அந்த ஒரு சொல்லை மட்டும் நானே திருத்திக்கொண்டேன்: "நாங்க ரெண்டு பேரும் வெண்டுட்டம்."