தாழம்புதர் கொடுத்த உத்தரவு

அண்ணனூர் எத்திராஜுக்குச் சும்மா இருக்கத் தெரியாது. ஏர் ஓட்டும்போதும் பேசுவான். பேச ஆள் இல்லாவிட்டால் மாட்டோடு பேசுவான். உட்கார்ந்தால் கால் ஆடும், நின்றால் கை ஆடும். கல்யாணத்தன்று மணவறையில் அவன் முழங்கால் ஆடிய ஆட்டத்தில் சந்தனக் கிண்ணம் கவிழ்ந்து ஐயர் மடியெல்லாம் மணத்ததாக மாமனார் வீட்டில் வெகுநாள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இப்பேர்ப்பட்ட ஆளைப் பட்டாளத்தில் வேவு பார்க்க அனுப்பினார்கள். அனுப்பினவர்களைத்தான் கேட்கவேண்டும்.

யுத்தம் நடந்த காலம் அது. ஆவடிப் பக்கம் பொட்டலாகக் கிடந்த இடமெல்லாம் கூடாரம் முளைத்தது. மழை பொய்த்த வருஷத்தில் எத்திராஜும் பேர் கொடுத்துவிட்டான். ஆவடிதானே, கூப்பிடு தூரம், சாயங்காலம் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடலாம் என்று கணக்குப் போட்டான். முள்வேலிக்குள் போன பிறகுதான் தெரிந்தது, பட்டாளத்தில் அண்ணனூரும் ஒன்றுதான், அரபு தேசமும் ஒன்றுதான் என்று.

அவன் மனைவி நாகம்மாள் பிரசவத்துக்குப் பருத்திப்பட்டில் தாய்வீடு போயிருந்தாள். சித்திரையில் பெண் குழந்தை பிறந்தது. முகாமுக்குப் பால் ஊற்றுகிறவர் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று சேதி சொல்லிவிட்டுப் போனார். "கொயந்தைக்கு அப்பன் வந்துதான் பேர் வெக்கணும்னு உன் சம்சாரம் ஒத்தக் கால்ல நிக்குதுப்பா" என்றும் சொன்னார். லீவு கேட்டான், கிடைக்கவில்லை. ஆனியும் போயிற்று. பட்டாளம் பர்மா எல்லைக்குப் போகப்போகிறது என்று பேச்சு அடிபட்டது. குழந்தையின் முகத்தைப் பார்க்காமலே ரயில் ஏறிவிடுவோமோ என்ற நினைப்பில் எத்திராஜுக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த நேரத்தில்தான் பொய்ச் சண்டை வந்தது. பட்டாளத்தை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு நீல நாடா, மறுபாதிக்குச் சிவப்பு நாடா. துப்பாக்கியில் வெறும் தோட்டா. யார் செத்தார், யார் பிழைத்தார் என்று தீர்ப்புச் சொல்ல வெள்ளைத் துணி கட்டிய நடுவர்கள். பருத்திப்பட்டு ஏரிப் பக்கம் சிவப்பு நாடாக்காரர்கள் ஒளிந்திருப்பார்கள்; நீல நாடாக்காரர்கள் அவர்களை மடக்கவேண்டும். ஜெயித்த பக்கத்துக்கு லீவு என்று அறிவித்தார்கள். எத்திராஜ் நீல நாடா. லீவு என்ற சொல் காதில் விழுந்ததும் அவன் கால் ஆட்டம் இரண்டு பங்காயிற்று.

நீலக் கம்பெனி ஜமேதார் ஜானகிராமன் கண்ணாடி போட்டவர், அளந்து பேசுகிறவர். ஏரிக்கரை மேல் வரிசையாக இரும்புத் தொப்பிகள் தெரிந்தன, அடுப்புப் புகையும் எழுந்தது. "இயந்திரத் துப்பாக்கி கரை மேலதான் இருக்கும்போலத் தோணுது. ஆனா தோணுறதை நம்பி நூறு பேரை அனுப்ப மாட்டேன். நேரில் போய்ப் பார்த்துட்டு வாங்க" என்றார். பூந்தமல்லிக்காரன் லான்ஸ் நாயக் டேவிட் இந்த வேலையில் கெட்டிக்காரன். அந்தப் பக்கத்து வாய்க்கால் வரப்பெல்லாம் பழக்கம் என்பதால் எத்திராஜைக் கூடச் சேர்த்துவிட்டார்.

டேவிட் வாய்க்காலில் இறங்கும் முன் தோழனைப் பிடித்து நிறுத்தினான்.

"தோ பார் மாமே. கண்ணால பாத்தது வேற, காதால கேட்டது வேற, மண்டைல நெனச்சது வேற. மூணையும் ஒரே சட்டில போட்டுக் கிண்டாதே. அப்பால, நீ அசையவே கூடாது. உன் கால நெனச்சாத்தான் எனக்குப் பேதி புடுங்குது."

"என் கொயந்தைக்காகவாவது அசையாம கெடப்பேன்டா" என்றான் எத்திராஜ்.

டேவிட் வாய்க்கால் மதகடியில் காவலுக்கு நின்றுகொண்டான். எத்திராஜ் சத்தம் கேட்காமல் இருக்க பூட்ஸைக் கழற்றி அவனிடம் கொடுத்துவிட்டு, வெறுங்காலோடு ஊர்ந்துபோய், மாரியம்மன் கோயில் எதிரே இருந்த தாழம்புதருக்குள் புகுந்தான். முள் கிழித்தது. எறும்பு கடித்தது. படுத்தவன் படுத்தபடியே கிடந்தான். இடது பக்கம் ஏரிக்கரை, வலது பக்கம் பாழடைந்த செங்கல் சூளை, நடுவில் கோயில். எங்கும் ஒரு சிவப்பு நாடாவைக் காணோம். ஒளிந்தவர்கள் நன்றாகத்தான் ஒளிந்திருந்தார்கள்.

ஆனால் பாருங்கள், அன்றைக்கு ஆடி ஞாயிற்றுக்கிழமை. சண்டை நடக்கும் நாளில் யாரும் ஏரிப்பக்கம் வரக்கூடாது என்று ஊரில் தமுக்கடித்துச் சொல்லியிருந்தார்கள். "சர்க்கார் வோணா சண்டைய ஒத்திப் போடட்டும், ஆத்தாளுக்குக் கூழ் ஊத்தறத ஒத்திப் போட முடியுமா?" என்று பெண்கள் பானையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். பம்பை முழங்கியது. கேழ்வரகுக் கூழ் வாசனையும் கருவாட்டுக் குழம்பு வாசனையும் கலந்து காற்றில் வந்தன.

பட்டாளத்துக்காரனுக்கு எத்தனை கட்டளை போட்டாலும் வயிற்றுக்கு யார் கட்டளை போடுவது? அதிலும் அது ஆத்தா கூழ்; கூப்பிட்டுப் போகாவிட்டால் குற்றம். முதலில் ஒரு வேலிகாத்தான் புதர் அசைந்து ஒரு சிப்பாய் தகரக் குவளையோடு வந்தான். அடுத்துப் பனையோரப் பள்ளத்திலிருந்து இரண்டு பேர். அப்புறம் சொல்லவேண்டியதே இல்லை. சிவப்பு நாடாப் பட்டாளம் பாதி, ஹவில்தார் கோதண்டத்தின் தலைமையில், கூழ் வரிசையில் ஒழுங்காக நின்றது. கோதண்டம் திருத்தணிப் பக்கத்து ஆள், மீசைக்குப் பேர்போனவன். "சீக்கிரம் வாங்கிகினு அவன் அவன் எடத்துக்குப் போங்கடா" என்று அதட்டிக்கொண்டே தன் குவளையை முதலில் நீட்டினான்.

எத்திராஜுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடக்கிக்கொண்டு ஒவ்வொருவனும் எங்கிருந்து வந்தான் என்று மனசில் குறித்துக்கொண்டே வந்தவன், கூழ் ஊற்றும் பெண்களைப் பார்த்ததும் மூச்சை விட மறந்தான். மஞ்சள் சேலை கட்டிக்கொண்டு, இடுப்பில் ஒரு துணி மூட்டைபோலக் குழந்தையை வைத்துக்கொண்டு, நாகம்மாள் நின்றிருந்தாள்.

குழந்தையின் முகம் அந்தப் பக்கம் திரும்பியிருந்தது. பின்னந்தலை மயிர்தான் தெரிந்தது. ஒரு சத்தம் கொடுத்தால் போதும், அவள் திரும்புவாள், குழந்தையும் திரும்பும். சத்தம் கொடுத்தால் சிவப்பு நாடாக்காரன் அமுக்கிவிடுவான். லீவு போயிற்று, நூறு பேர் லீவும் போயிற்று. எத்திராஜ் தாழை வேரைப் பல்லால் கடித்துக்கொண்டான்.

கொஞ்ச நேரத்தில் நாகம்மாள் காலிப் பானையைக் கழுவ வாய்க்காலுக்கு வந்தாள். குனிந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். புதருக்கு வெளியே ஒரு குதிகால் நீட்டிக்கொண்டிருந்தது. குதிகாலில் கலப்பைக் கொழு கிழித்த தழும்பு. அந்தப் புண்ணுக்கு மஞ்சள் அரைத்துக் கட்டினவள் அவள்தான். ஆயிரம் கால்களுக்கு நடுவிலும் அவளுக்கு அது தெரியும். பானையால் அந்தக் காலை மெல்ல உள்ளே தள்ளிவிட்டு, ஒன்றுமே நடக்காததுபோலக் கரையேறினாள்.

அந்த நேரம் பார்த்துக் கோதண்டம் கூழும் கையுமாக நிழல் தேடித் தாழம்புதரை நோக்கி வந்தான்.

"ஐயோ, அந்தாண்ட போவாதீங்கண்ணா!" என்று நாகம்மாள் அலறினாள். "நல்ல பாம்பு கீது! இப்பத்தான் பாத்தேன், இம்மாம் நீளம்!"

கோதண்டம் பின்னால் குதித்த குதியில் கூழ் மீசையில் தெறித்தது. ஒரு சிப்பாய் கழியை ஓங்கினான். அவ்வளவுதான், பெண்கள் அத்தனை பேரும் அவன் மேல் பாய்ந்தார்கள். "ஆடி ஞாயித்துக்கெயமையில ஆத்தா எடத்துப் பாம்ப அடிப்பியா நீ? உன் குடும்பம் வெளங்குமா?" கழி தானாகக் கீழே இறங்கியது. நாகம்மாள் ஒரு பூவரச இலையில் கூழும் இன்னோர் இலையில் ஒரு முட்டையும் வைத்து, புதரடியில் கொண்டுபோய்ப் படைத்தாள். பிறகு குழந்தையை இரண்டு கையாலும் தூக்கிப் புதருக்கு நேரே முகம் தெரியும்படி பிடித்தாள்.

எத்திராஜ் பார்த்தான். அவன் அம்மாவுக்கு இருந்த அதே அகன்ற நெற்றி. வெயிலுக்குச் சுருங்கிய கண். வாயோரம் எச்சில். குழந்தையின் கால் இரண்டும் காற்றில் ஓயாமல் ஆடிக்கொண்டிருந்தன. தன் கால்தான் அது என்று அவனுக்குச் சந்தேகமே வரவில்லை. கண்ணில் நீர் வழிந்தது, துடைக்கக்கூட அவன் கையை எடுக்கவில்லை.

"நாகராசா, இது என் கொயந்த" என்றாள் நாகம்மாள், குரல் நடுங்காமல். "இதோட அப்பா பட்டாளத்துல கீறாரு. எப்ப வருவாரோ தெரியாது. அவுங்க ஆத்தா பேரு முத்தம்மாள். அந்தப் பேரையே வெக்கலாம்னு கீறேன். சம்மதம்னா உத்தரவு குடு சாமி."

கூட்டம் அடங்கியது. பம்பைக்காரனும் கையை நிறுத்தினான். எல்லாக் கண்ணும் புதர் மேல். அசையவே கூடாது என்றுதான் டேவிட் சொல்லியிருந்தான். வேவு பார்க்கிறவன் செய்யக்கூடாத முதல் காரியம் அது. ஆனால் அப்பன் கடமை என்று ஒன்றும் உண்டே. எத்திராஜ் ஒற்றை விரலால் ஒரு தாழை மடலைத் தொட்டு அசைத்தான்.

காற்றே இல்லாத நேரத்தில் மடல் ஆடியது. பெண்கள் குலவை இட்டார்கள். "உத்தரவு குடுத்துட்டாருடா!" என்று கோதண்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டான். அவன் பின்னால் கூழுக்கு வந்த சிவப்புப் பட்டாளம் முழுவதும், தங்களை வேவு பார்க்கும் எதிரிக்குக் கைகூப்பிக் கும்பிட்டு நின்றது. நாகம்மாள் குழந்தையின் காதில் மூன்று தரம் பேரைச் சொன்னாள். திரும்பிப் பார்க்காமல் கோயில் பக்கம் நடந்தாள்.

கும்பிட்டவர்கள் கலைந்தார்கள். வராதவர்களுக்கும் சேர்த்துக் குவளை குவளையாகக் கூழ் போயிற்று. எத்திராஜ் கண் கொட்டாமல், எந்தக் குவளை எங்கே போகிறது என்று பார்த்தான். பெரும்பாலும் செங்கல் சூளைக்குப் போயிற்று. ஏரிக்கரைக்கு ஒன்றுகூடப் போகவில்லை. இரும்புத் தொப்பிக்கு ஏது பசி? அவன் பூவரச இலையை உள்ளே இழுத்துக் கூழைக் குடித்துவிட்டு, வந்த வழியே ஊர்ந்தான்.

"பாத்தது சொல்றேன் சார்" என்றான் ஜமேதாரிடம். "சூளைக்குக் கூழு போச்சு. கரைக்குப் போவல. கேட்டது ஒண்ணும் இல்ல. நெனச்சது இன்னான்னா, கரை மேல தொப்பிதான் கீது, தலை இல்ல."

ஜமேதார் கண்ணாடியைத் துடைத்தார். "உன்னை யாராவது பார்த்தாங்களா?"

"ஒரு பொம்பள பாத்துச்சு சார். காட்டிக் குடுக்கல."

"யார் அது?"

"என் சம்சாரம் சார்."

ஜமேதார் சிரிக்கவில்லை, கண்ணாடியை மறுபடியும் துடைத்தார். அன்று பிற்பகல் நீல நாடா கரையை விட்டுவிட்டுச் சூளையைப் பின்பக்கமாகச் சுற்றி வளைத்தது. கோதண்டம் இரண்டாவது குவளையோடு பிடிபட்டான். வெள்ளைத் துணி நடுவர் நீலத்துக்கே ஜெயம் என்றார். லீவும் அறிவித்தார்கள்.

லீவுக்கு முந்தின நாளே மேலிடத்திலிருந்து உத்தரவு வந்துவிட்டது. எல்லா லீவும் ரத்து. பட்டாளம் உடனே புறப்பட வேண்டும். டேவிட் பூட்ஸைத் தரையில் அறைந்து திட்டாத திட்டு இல்லை. எத்திராஜும் முதலில் குலுங்கிக் குலுங்கி அழுதான். அம்பத்தூரைத் தாண்டி ரயில் போகும்போது முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னான்: "நான் பாத்துட்டேன்டா. பேரும் வெச்சிட்டேன். இந்த வண்டில கீறவன் எத்தினி பேருக்கு இது கெடச்சுது? அந்தப் பொய்ச் சண்டைக்கு நான் கையெடுத்துக் கும்புடணும்."

பர்மா எல்லையில் எத்திராஜ் வேவுக்காரனாகவே இருந்தான். அங்கே மூங்கில் புதர், அங்கே நிஜத் தோட்டா. பக்கத்தில் வந்து நிற்கும் எதிரியின் மூச்சு கேட்கும் நேரங்களில் அவன் கண்ணை மூடி, வெயிலில் ஆடிய அந்தக் குட்டிக் கால்களை நினைத்துக்கொள்வான். அவன் கால் கல்லாகிவிடும். உயிரோடு திரும்பியதற்கு அவன் சாமிக்கு நன்றி சொன்னான், டேவிட்டுக்குச் சொன்னான், கூழ் வாங்க வந்த கோதண்டத்துக்கும் சேர்த்துச் சொன்னான். நாகம்மாளுக்கு மட்டும் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் ரயிலிலும் கப்பலிலும் யோசித்துக்கொண்டே வந்தான்.

யுத்தம் முடிந்து அவன் அண்ணனூர் வந்து சேர்ந்தபோது சாயங்கால வெயில் வாசலில் கிடந்தது. நாகம்மாள் ஓடிவந்தாள். அவனைக் கண்டதும் வீட்டுக்குள் ஓடிய ஓர் உருவம் தென்னந்தட்டிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. கீற்றின் இடுக்கில் ஒரு கண் தெரிந்தது. தட்டிக்கு அடியில் ஒரு சின்னக் கால் தெரிந்தது, அது ஆடிக்கொண்டிருந்தது.

"முத்தம்மா, உங்கப்பா வந்துகீறாருடி! வெளிய வா!" என்று நாகம்மாள் கூப்பிட்டாள். வரவில்லை.

"இரு, கூப்புடாத" என்றான் எத்திராஜ். பூட்ஸைக் கழற்றி ஓரமாக வைத்தான். வாசலில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். அப்படி அசையாமல் அவன் உட்கார்ந்ததை நாகம்மாள் அதற்கு முன் பார்த்ததே இல்லை. உள்ளே இருந்த கண் அவனை மேலிருந்து கீழ்வரை, தொப்பி முதல் குதிகால் தழும்புவரை, அவசரமில்லாமல் பார்த்தது. பார்த்து முடிக்கட்டும் என்று அவன் காத்திருந்தான்.

பிறகு நாகம்மாளை ஒரு தரம் பார்த்துவிட்டு, தட்டியை நோக்கிக் கைகூப்பினான்.

"முத்தம்மா, நான் உன் அப்பன். உள்ள வரலாமா? சம்மதம்னா உத்தரவு குடு சாமி."

காற்று இல்லை. நாகம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தென்னந்தட்டி அசைந்தது.