அன்வரின் பச்சை ஃப்ரேம்

அன்வர் இறந்துவிட்டார்.

மத்தியானம் சோறு வடித்துக்கொண்டிருந்தேன். பழைய கடையில் என்னோடு வேலை பார்த்த ஜெஸியிடமிருந்து வாய்ஸ் மெசேஜ். நெஞ்சுவலியாம்... ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே முடிந்துவிட்டதாம். சாயங்காலம் அசர் தொழுகைக்குப் பிறகு மட்டாஞ்சேரியில் அடக்கம்.

திருப்பூணித்துறைக்கும் மட்டாஞ்சேரிக்கும் நடுவில் என்ன ஏழு கடலா கிடக்கிறது? பஸ் ஏறினால் போய்விடலாம். ஆனால் அந்த வீட்டு வாசலில் என்ன முறை சொல்லிப் போய் நிற்பது... அதனால் இங்கே எழுதுகிறேன்.

என் வீட்டுக்காரரும் இதைப் படிப்பார். படிக்கட்டும். எல்லாம் கல்யாணத்துக்கு முந்தின கதை.

மட்டாஞ்சேரியில் அது ஒரு பெயிண்ட் கடை. நான் பில் போடுகிறவள், தென்காசிப் பக்கமிருந்து பிழைக்க வந்த குடும்பம். அன்வர் பெயிண்ட் கலக்குகிறவர், அந்த ஊர்க்காரர். அவர்கள் வீட்டிலும் தமிழ்தான், பாதிக்குப் பாதி மலையாளம் கலந்திருக்கும்.

கடையில் எல்லாருக்கும் அவர் இக்கா. எனக்கு மட்டும் அந்த வார்த்தை வாயில் வராது. அண்ணன் என்றல்லவா அர்த்தம்... "இங்க பாருங்க" என்றே காலத்தை ஓட்டினேன்.

ஒருநாள் பழைய இரும்புக் கடையிலிருந்து ஒரு பைக்கை உருட்டிக்கொண்டு வந்தார். எஞ்சின் தேவலை, ஃப்ரேம் முழுக்கத் துரு. பெயிண்ட் கடையில் வேலை பார்த்துக்கொண்டு வெளியே கொடுத்து அடித்தால் மானம் போகும் என்று, ஸ்ப்ரே கேன் வாங்கித் தானே அடிக்கப் போவதாகச் சொன்னார்.

"முடிஞ்சதும் ஃபர்ஸ்ட் ரைடு உனக்குத்தான், எடோ. இடக்கொச்சி வரைக்கும்."

அன்றைக்கு நான் போட்ட பில்லெல்லாம் தப்பு.

கடை மொட்டை மாடியில்தான் வேலை. பக்கத்தில் சுக்கு காயப்போடும் களம். அவர்கள் சுக்கைக் கிளறினால் தூசி பறந்து வந்து ஈரப் பெயிண்டில் உட்காரும். அதனால் களத்துக்கு லீவான ஞாயிற்றுக்கிழமை மட்டும், கடை அரை நாளில் அடைத்த பிறகு. மழை வந்தால் அந்த ஞாயிறும் போச்சு... ஈரக்காற்றில் அடித்தால் பெயிண்ட் வெளுத்துப் பூத்துவிடும்.

ஃப்ரேமைக் கயிற்றில் தொங்கவிடுவோம். கேனை வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்ச நேரம் வைத்து எடுத்து, கை ஓயக் குலுக்கிக் கொடுப்பது என் வேலை.

அவர் கம்பிக்கு முன்னாலேயே, வெறும் காற்றில் கேனை அழுத்த ஆரம்பிப்பார். கம்பியைத் தாண்டிய பிறகுதான் விரலை எடுப்பார். முதல் கோட் சும்மா தூறல் மாதிரி, அடியில் சாம்பல் கலர் பிரைமர் அப்படியே தெரியும். எனக்குப் பொறுக்காது. இன்னும் கொஞ்சம் அடித்தால்தான் என்ன என்பேன். கெட்டியாக அடித்தால் வழியும், பேசாமல் இரு என்பார்.

ஒரு தடவை தூசிக்குப் பயந்து வீட்டுக் கொசுவலையைக் கொண்டுபோய் மூடினேன். பெரிய புத்திசாலி நான்! கடல்காற்று அடித்து வலை அப்படியே பச்சைப் பெயிண்டில் ஒட்டிக்கொண்டது. உரித்துப் பார்த்தால் ஃப்ரேம் முழுக்கக் கட்டம் கட்டமாக அச்சு. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். இனி இந்த பைக் பக்கம் கொசு வராது என்றார். வாட்டர் பேப்பரை நனைத்து, எல்லாவற்றையும் முதலிலிருந்து தேய்க்க உட்கார்ந்துவிட்டார்.

வலையில் பச்சை எப்படி வந்தது என்று அம்மாவுக்குப் பதில் சொல்லி மாளவில்லை. அந்தச் சிரிப்பு இப்போதும் காதில் இருக்கிறது.

அவரை எனக்குப் பிடித்திருந்தது. அவ்வளவுதான்... இல்லை, அவ்வளவுதான் இல்லை.

அதற்குள் வீட்டில் மாப்பிள்ளை பார்த்துத் தேதியும் குறித்துவிட்டார்கள். மாதக் கடைசியோடு நான் வேலையை விட வேண்டும். கடையில் சொன்னேன். அவரும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

அந்த ஞாயிறு மாடிக்குப் போனால் ஃப்ரேம் முடிந்துவிட்டது. கடைசியாகப் பளபளப்புக்கு அடிக்கும் கிளியர் கோட்டும் காய்ந்து, வெயிலில் பார்க்கக் கண் கூசியது. இனி எஞ்சினை ஏற்றிப் பூட்டினால் ரைடு போகலாம்... ஆனால் மாடிக்கு வர எனக்கு ஒரு காரணமும் இருக்காது.

அவர் கட்டைவிரலால் மேல் கம்பியை ரொம்ப நேரம் தடவிக்கொண்டே இருந்தார். என்னைப் பார்க்கவில்லை.

"எடோ... இங்க கொஞ்சம் சொரசொரன்னு இருக்கு. ஒரு கோட் கூடி அடிக்கணும்."

நானும் அதே இடத்தில் விரல் வைத்தேன். கண்ணாடி மாதிரி இருந்தது.

"ஆமா," என்றேன். "எனக்கும் தட்டுப்படுது."

போய் வாளியில் தண்ணீர் பிடித்து வந்தேன். அவர் வாட்டர் பேப்பரை நனைத்தார்.

அடுத்த ஞாயிறும் எங்கேயோ சொரசொரத்தது. அதற்கடுத்த ஞாயிறும். அப்புறம் மாதம் முடிந்துவிட்டது. இடக்கொச்சி வரைக்கும் இல்லை, அந்தத் தெருமுனை வரைக்கும்கூட நாங்கள் போகவில்லை.

பைக்கை அவர் எப்போது பூட்டினார், யாரை ஏற்றிக்கொண்டு போனார், எனக்குத் தெரியாது. யாரிடமும் கேட்டதில்லை.

இந்நேரம் மண் போட்டிருப்பார்கள்...

போய் வாருங்கள், அன்வர். உங்கள் பெயிண்டில் ஒரு குறையும் இல்லை.