உண்டியலில் விழுந்த பதக்கம்

பிள்ளைகளா, பீரோவில் நான் வரிசையாக வைத்திருக்கும் பழைய பதக்கங்களைக் காட்டி, "நடுவுல ஒண்ணக் காணோமேப்பா" என்று இரண்டு பேரும் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். அம்மா எதிரில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எழுதிவிடுகிறேன்.

நான் அச்சாபீசில் கட்டிங் மெஷின் ஓட்டுகிறவன். தூத்துக்குடியில் கப்பலில் இறங்கும் பழைய உலோகம் விருதுநகர் பழைய இரும்புக் கடைகளுக்கு லோடு லோடாக வரும். அதில் பொறுக்கியவைதான் எல்லாமே. காணாமல் போனது வெள்ளி. உங்கள் தாத்தாவின் தாத்தா காலத்தில், கிரிமியாவில் ரஷ்யாக்காரர்களோடு நடந்த சண்டைக்காக இங்கிலாந்து கொடுத்தது. ஒரு பக்கம் அவர்களுடைய மகாராணியின் முகம். விளிம்பில் ஒரு சிப்பாயின் பேர்.

பேரைப் படம் எடுத்து, பதக்கம் சேர்ப்பவர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். அந்தச் சிப்பாயின் வம்சத்து அம்மா ஒருவர் அதைப் பார்த்துவிட்டு இங்கிலாந்திலிருந்து எழுதினார். சண்டைக்குப் போனவர் திரும்பவே இல்லையாம். அவருடையது என்று வீட்டில் ஒரு துணிகூட இல்லையாம். அனுப்பிவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

அந்த வாரம்தான் சின்னவளே, உனக்கு இடது கண் சிவந்து வீங்கியது. எனக்கு காலண்டர் சீசன் வேலை, லீவு இல்லை. அம்மா உன்னைத் தூக்கிக்கொண்டு இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்குப் போய்விட்டு வந்தாள்.

"வெள்ளியில கண்ணு செஞ்சு போடுறேன்னு நேந்திருந்தேங்க. வீட்டுலயே பொம்பள முகம் ஒண்ணு சும்மா கெடந்துச்சு, கண்ணும் மூக்கும் அம்புட்டு லெச்சணமா. உண்டியல்ல போட்டுட்டேன்."

"அடிப்பாவி, அது மகாராணிடி!"

"ஆத்தாளும் மகாராணிதான். பக்கவாட்டுல ஒரு கண்ணுதான் தெரிஞ்சுச்சு. இவளுக்கும் ஒரு கண்ணுலதான நோவு?"

மறுநாள் உன் வீக்கமும் வடிந்துவிட்டது.

கோயில் அலுவலகத்துக்குப் போனேன்.

"உள்ள விழுந்தது ஆத்தாளுக்குச் சொந்தம் அண்ணாச்சி," என்றார் குமாஸ்தா. "வெள்ளியெல்லாம் உருக்கப் போயிரும்."

"அதுக்காக ஒரு குடும்பம் காத்துக்கிட்டு இருக்குங்க."

"இங்கன யாரு காத்துக்கிட்டு இல்ல? மக கண்ணு எப்படி இருக்கு?"

"தேவலைங்க."

"பெறகென்ன?"

அந்த இங்கிலாந்து அம்மாவுக்கு என்ன எழுதுவது? மகளுக்குக் கண் சரியாகிவிட்டது என்றா?

வெளியே வரும்போது உண்டியல் பக்கம் ஆள் இல்லை. ஒரு ரூபாய்க் காசை உள்ளே போட்டு, பதக்கத்தில் பட்டுச் சத்தம் வருமா என்று தகரத்தில் காதை வைத்துக் கேட்டேன். நோட்டின் மேல் விழுந்திருக்கும்போல. சத்தமே வரவில்லை.